ஹர்டில் ட்ரான்ஸ்லேட்டர் எழுதுகிறீர்களா? போர்ட் கணக்கைக் கவனியுங்கள்

குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தில் கோப்பு முறைமை, நெட்வொர்க், கடவுச்சொல் சோதனை எல்லாமே மாக் என்ற மைக்ரோகெர்னலுக்கு (மிகச் சிறிய கெர்னல்) மேலே ஓடும் சாதாரண ப்ராசஸ்கள்தான். ஒரு கோப்பில் மாட்டப்பட்டு, அதைத் திறப்பவர்களுக்குப் பதில் சொல்லும் ப்ராசஸ்தான் ட்ரான்ஸ்லேட்டர். 1990-ல் தொடங்கியது இன்னும் முடியவில்லையே என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். கெர்னலைத் தொடாமல், ரீபூட் செய்யாமல் ஒரு கோப்பு முறைமையை எழுதிப் பார்க்க இது அருமையான இடம்.

டெபியன் குனு/ஹர்ட் வட்டுப் படிமத்தை க்யூஎமு என்ற மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றுங்கள். கூடவே வரும் ஹலோ ட்ரான்ஸ்லேட்டரை செட்டிரான்ஸ் கட்டளையால் ஒரு காலிக் கோப்பில் மாட்டிப் பாருங்கள். 'ஏ' ஆப்ஷன் கொடுத்தால் உடனே ஓடும். 'பி' கொடுத்தால் ஐநோடில் (வட்டில் கோப்பின் விவரக் குறிப்பு) பதிவாகி, கோப்பை யாராவது திறக்கும்போது கிளம்பும். ரீபூட் செய்தாலும் போகாது. அதனால் சோதனைக் காலத்தில் 'ஏ' மட்டும் போதும். மறுபடி கம்பைல் செய்ததும் 'ஜி' கொடுத்துப் பழையதைக் கழற்றுங்கள். மறந்தால் பழைய ப்ராசஸே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

தலைவலி வருவது போர்ட் ரைட்டுகளில். மாக்கில் ப்ராசஸ்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வழிதான் போர்ட், அதில் செய்தி அனுப்பும் உரிமை சென்ட் ரைட். செய்திகளைக் கையாளும் சி நிரலை உருவாக்கித் தரும் கருவி மிக். அது உருவாக்கும் சர்வர் நிரலில் விதி இது: கோரிக்கையோடு வந்த சென்ட் ரைட், உங்கள் ஃபங்ஷன் வெற்றி என்று திரும்பினால் உங்களுடையது. வேலை முடிந்ததும் மாக் போர்ட் டீஅலோகேட் அழைத்து நீங்களே விடுவிக்க வேண்டும். பிழை என்று திரும்பினால் அதைத் தொடக்கூடாது. செய்தியோடு சேர்த்து சர்வர் லூப்பே அழித்துவிடும். சி எழுதிப் பழகிய கை, பிழைப் பாதையிலும் சுத்தம் செய்யத்தான் போகும். அங்கேதான் இருமுறை விடுவிப்பு நடக்கிறது.

ட்ரான்ஸ்லேட்டர் உடனே விழுந்தால் பரவாயில்லை, விழாது. ஒரே போர்ட்டுக்கான சென்ட் ரைட்டுகள் ஒரு டாஸ்க்கில் (மாக்கில் ப்ராசஸுக்கான பெயர்) ஒரே எண்ணில்தான் சேரும், எண்ணிக்கை மட்டும் கூடும். நீங்கள் கூடுதலாகக் குறைத்தது வேறொரு த்ரெட்டின் பங்கு. அந்த த்ரெட் பின்னால் எப்போதோ செய்தி அனுப்பும்போது 'தவறான இலக்கு போர்ட்' என்று வரும். பிழை இருக்கும் இடம் வேறெங்கோ.

விடுவிக்க மறந்தால் நேர்மாறு, கசிவு. போர்ட்டுகளைப் பட்டியலிடும் போர்ட்இன்ஃபோ கட்டளையில் ட்ரான்ஸ்லேட்டரின் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து, ஒரே கோப்பை நூறு முறை திறந்து மூடிய பிறகு மறுபடி பாருங்கள். பட்டியலோ எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனால் கசிகிறது. எந்த அழைப்பில் என்று பிடிக்க, செய்திகளைக் காட்டும் ஆர்பிசி ட்ரேஸ் கருவி உதவும்.

ரூட் கோப்பு முறைமையில் ('/') மட்டும் ஜிடிபி டீபக்கரை நேரடியாக மாட்டாதீர்கள். அந்தக் கோப்பு முறைமை நின்றால், ஜிடிபி படிக்க வேண்டிய கோப்புகளும் அதன் கையில்தான், இரண்டும் சேர்ந்து உறைந்துவிடும். அதற்கு ஒரு சப்ஹர்ட் (ஹர்டுக்குள்ளேயே ஓடும் இன்னொரு ஹர்ட்) கிளப்பி வெளியிலிருந்து பாருங்கள்.