முதலில் கட்டியது குழுக் கடனை

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். 2025 தொடக்கத்தில் ஆள் குறைக்கிறோம் என்று எங்களில் ஆறு பேரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் அம்மாவிடம் லீவு என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி மனைவி மகளுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வந்து, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்க என்றாள். அடகில் சங்கிலியும் இரண்டு வளையலும், கடைக்கொப்பியில் 23,400 ரூபா, இரண்டு மாத கரண்ட் பில், அவள் பெயரில் எடுத்த குழுக் கடன் வாரம் 2,150. அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள், அப்போது நாள் சம்பளம் 1,350, பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

நான் நகையை முதலில் மீட்கலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும்தான் சேர்ந்து போடணும், அந்த நாலு பேரும் அவளோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், ஒரே லயத்து வரிசை வீட்டு வாசலில் முகம் பார்க்கிறவர்கள். அவள் சொன்னதுதான் சரி. நகைக்கு வட்டியை மட்டும் கட்டி மறுபடி அடகிலேயே வைத்தோம். கடைக்காரரிடம் நானே போய், அண்ணே, வேலை போயிருச்சு, மாதம் 3,000 தாறேன், புதுசா கடன் எழுத வேணாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் அரிசிக்கு மட்டும் கடன் எழுதுறேன் தம்பி என்றார்.

கரண்ட் விஷயத்தில் மாதம் 60 யூனிட்தான் கணக்கு. அதைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லை, முதல் யூனிட்டில் இருந்தே விலை கூடும், மாதக் கட்டணமும் ஏறும். அதனால் ஞாயிறு தவறாமல் மீட்டரைப் பார்த்து எழுதினோம். கரண்ட் கேத்தலை எடுத்து வைத்துவிட்டு, கவாத்து வெட்டின மலையில் இருந்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள், பொறுக்கி வந்து அடுப்பில்தான் தண்ணி சுடவைத்தோம்.

எனக்கு வரவேண்டிய காசைப் பற்றி நான் பிந்தித்தான் யோசித்தேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வயதில்தான் கிடைக்கும், ஆனால் ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியை வேலை விட்டதும் கேட்கலாம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். என் கடைசிச் சம்பளம் 48,000, அப்படியென்றால் 2,16,000. முப்பது நாளுக்குள் கொடுக்கணும் என்பது சட்டம். அவர்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இழுத்தார்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பழைய சீட்டுகளை அம்மா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததால்தான் அன்றைக்குக் கையில் ஆதாரம் இருந்தது.

நாலு மாதம் கழித்துக் காசு வந்தது. குழுக் கடனில் மிச்சம் இருந்ததையும் கடைக்கொப்பியையும் முடித்து, வளையல் இரண்டையும் மீட்டோம். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.