டிவிடியிலிருந்து டிவிக்கு: எந்த வடிவம் நிலைத்தது

அப்பா வாங்கிச் சேர்த்த பழைய படங்களில் பல இன்று எந்த ஓடிடி தளத்திலும் இல்லை, கடையில் கேட்டாலும் கிடைப்பதில்லை. தகடுகளின் ஓரத்தில் பூஞ்சை ஏறத் தொடங்கியிருந்தது. டிவிடி பிளேயர் பழுதானால் அதைச் சரிசெய்யும் ஆளும் இப்போது அரிது. அதனால் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால் ரிமோட்டிலேயே பார்க்கும்படி செய்துவிட முடிவெடுத்தேன். பூட்டுப் போட்டு வெளியிடப்பட்ட தகடுகளை இதில் சேர்க்கவில்லை. எங்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு இல்லை.

நகலெடுப்பது எளிது. எந்த வடிவத்தில் வைப்பது என்பதில்தான் நாட்கள் கழிந்தன. எம்கேவி, எம்பி4 என்பவை படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் போட்டு வைக்கும் வெறும் உறைகள். படம் எச்.264 என்ற சுருக்கு முறையில் இருக்கிறதா எச்.265இல் இருக்கிறதா, ஒலி ஏசி-3யா டிடிஎஸ்ஸா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் விஷயம். டிவியின் கையேட்டில் ‘எம்கேவி ஓடும்’ என்று போட்டிருந்தால் அதை நம்பி எதுவும் செய்துவிடக் கூடாது. கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் பயனற்றது. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி, எதைக் கொடுத்தாலும் மென்பொருளிலேயே பிரித்துக் காட்டிவிடும். டிவியில் இருப்பதோ குறிப்பிட்ட சில வடிவங்களுக்கென்றே செய்த சில்லு. அதற்குத் தெரியாததைக் கொடுத்தால் திரை கறுப்பாகவே இருக்கும்.

ஆகவே ஒரே காட்சியைச் சில நிமிடத் துண்டாக வெட்டி, பல வடிவங்களில் செய்து, பென் டிரைவில் போட்டு இரண்டு டிவிகளில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று பெற்றோர் வீட்டில் இருக்கும் பழைய டிவி, மற்றது எங்கள் புதிய டிவி. எச்.265 புதியதில் அழகாக ஓடியது. பழையதில் “சத்தம் மட்டும்தானே வருகிறது” என்றார் அம்மா. அதைவிடப் புதிய சுருக்கு முறையான ஏவி1 இரண்டிலும் ஓடவில்லை. எச்.264இலேயே, வழக்கமான 8 பிட்டை விட நுணுக்கமாக நிறத்தைப் பதியும் 10 பிட் வண்ணத்தில் செய்த துண்டும் இரண்டிலும் ஓடவில்லை. ஒலியில்தான் நான் எதிர்பாராத விடை கிடைத்தது. டிடிஎஸ் ஒலி பழைய டிவியில் கேட்டது, புதியதில் ஊமையாக இருந்தது. 2018க்குப் பிறகு வந்த பல மாடல்களில் டிடிஎஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏசி-3 இரண்டிலும் ஒழுங்காக ஒலித்தது. டிவிடியில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான் என்பதால், ஒலியைத் தொடாமல் அப்படியே எடுத்து வைத்தேன்.

முடிவில் தேர்ந்தெடுத்தது எச்.264, 8 பிட், ஹை புரொஃபைல், லெவல் 4.1 (கடைசி இரண்டும் டிவியின் சில்லு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைச் சொல்லும் அளவுகள்). எச்.265 2013இல் வந்த தரநிலை. அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும். அந்த மிச்சத்துக்காகப் பெற்றோர் வீட்டு டிவியை இழக்க எனக்கு மனமில்லை. இரண்டரை மணி நேரப் படம் தகட்டில் ஆறேழு ஜிபி இருக்கும். வடிவம் மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் தர எண்ணை 20 என்று வைத்தபோது அது இரண்டு ஜிபிக்குள் அடங்கியது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். இன்னொரு வசதியும் உண்டு: பென் டிரைவிலும் டிஸ்கிலும் கோப்புகளை அடுக்கும் முறைகளில் பழைய டிவிகள் பலவும் விரும்பும் எஃப்ஏடி32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்கவே முடியாது. அந்தத் தொல்லையும் ஒழிந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மட்டும் தர எண்ணை 18க்கு இறக்கினேன். பிலிமின் பொடிப்பொடியான துகள்களை ‘இரைச்சல் நீக்கம்’ போட்டு வழித்தெடுத்தால் முகத்தின் சுருக்கங்களும் பட்டுப் புடவையின் இழைகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. அந்த வசதியை நான் ஒரு படத்துக்கும் பயன்படுத்தவில்லை.

சில படங்களில் முகங்கள் நீண்டு ஒடுங்கித் தெரிந்தன. எங்களிடம் இருந்த டிவிடிகளில் அகலத்திரைப் படமும் 720க்கு 576 புள்ளிகளில்தான் இருக்கும். ஓட்டும்போது விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கூடவே வரும். அந்தக் குறிப்பைப் பழைய டிவி கண்டுகொள்வதில்லை. 1024க்கு 576 என்று சதுரப் புள்ளிகளாகவே மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

என்னை அதிகம் வேலை வாங்கியது அக்காவின் திருமணத் தகடு. சினிமாவைப் போல அல்ல, அன்றைய டேப் கேமரா வினாடிக்கு 50 அரைப்படங்களை எடுக்கும். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டையும் ஒட்டி 25 முழுப்படங்களாக்கினால், அசையும் இடமெல்லாம் சீப்பின் பல் போலக் கிழிந்து தெரியும். தாலி கட்டும் நேரத்தில் உறவினர்கள் அட்சதை தூவுகிறார்களே, அந்தக் காட்சியில் ஒவ்வொரு கையின் விளிம்பிலும் இந்தப் பற்கள் இருந்தன. வழக்கமான நீக்கி பற்களை எடுத்துவிடும், கூடவே அசைவில் பாதியையும் எடுத்துவிடும். அட்சதை விழுவது தடங்கித் தடங்கித் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கில் இந்தப் பற்களை நீக்கும் யாடிஃப் வடிகட்டியில் ‘பாப்’ என்ற தெரிவைப் போட்டு, ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக விரித்து, வினாடிக்கு 50 படங்களாகச் செய்தேன். அரிசி மணிகள் தலையில் பட்டுத் தெறிப்பது வரை வழுவழுவென்று தெரிந்தது. திருமண வீடியோ வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

வசனவரிகளில் ஒரு சிக்கல். தமிழ் எழுத்தில் இருந்த எஸ்ஆர்டி என்ற வசனவரிக் கோப்பைப் பழைய டிவி படித்தது, ஆனால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியாக நின்றன. காது மந்தமான பெரியப்பாவுக்கு அந்த வரிகள் அவசியம். ஆகவே அவர் பார்க்கும் படங்களில் மட்டும் வரிகளைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டேன்.

மறுபடி வாங்க முடியாத தகடுகளுக்கு, சுருக்கிய நகலோடு நிறுத்தவில்லை. தகட்டில் இருந்த எம்பெக்-2 (டிவிடியின் சுருக்கு முறை) படத்தை மேக்எம்கேவி என்ற மென்பொருள் வழியாக மாற்றமின்றி எம்கேவியில் எடுத்து இன்னொரு டிஸ்கில் வைத்திருக்கிறேன். ஒரு டெராபைட்டில் அப்படி நூற்றைம்பது படங்கள் வரை கொள்ளும். கீறல் விழுந்தவற்றுக்கு டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் உதவியது: முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும்.

மீதமிருப்பவை விசிடிகள். 352க்கு 288 புள்ளிகள்தான். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தகடுகள். இவற்றை மறுபடி சுருக்கினால் இருக்கும் கொஞ்சமும் கெடும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ‘காபி’ கட்டளை கொடுத்து, உள்ளிருக்கும் எம்பெக்-1 படத்தை மாற்றாமல் உறையை மட்டும் எம்பிஜி ஆக்கி, பாகங்களை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு டிவிகளுமே அதை ஓட்டுகின்றன.