தென்னஞ்சர்க்கரை போட்டு கேக் செய்து பார்த்த ஆறு வாரம்

பொள்ளாச்சியிலிருந்து வரும்போதெல்லாம் மாமா இளநீரோ தேங்காயோதான் கொண்டுவருவார். இந்த முறை ஓர் எவர்சில்வர் டப்பா நிறையத் தென்னஞ்சர்க்கரை. பக்கத்துத் தோட்டத்தில் நீரா, அதாவது தென்னம்பாளையில் சொட்டும் இனிப்புச் சாறு, இறக்கிக் காய்ச்சுகிறார்களாம். "கேக்குக்கு அஸ்கா போடறதுக்கு இதைப் போடு அம்மணி, உங்கப்பன் தாராளமா சாப்பிடலாம்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை வியாதி. ஞாயிற்றுக்கிழமை நான் கேக் வைத்தால் சமையலறை வாசல்வரை வந்து வாசம் பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணைக்குத் திரும்பிவிடுவார், அதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. அதனால் டப்பா வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவைப் பக்கம் சர்க்கரை என்றாலே நாட்டுச்சர்க்கரைதான், வெள்ளைக்கு அஸ்கா என்று பெயர். குழப்பம் வேண்டாம், வெள்ளையை இங்கே சீனி என்றே எழுதுகிறேன்.

முதல் டின்னுக்கு என் வழக்கமான வெண்ணெய் கேக் அளவுதான்: உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், மைதா 120 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி, சீனி 120 கிராமுக்குப் பதில் தென்னஞ்சர்க்கரை அதே 120 கிராம். சீனி போட்டு வெண்ணெயை அடித்தால் ஐந்து நிமிடத்தில் வெளுத்து, பொங்கி, பஞ்சு மாதிரி வந்துவிடும். இது பத்து நிமிடம் அடித்தும் ஈர மணல் மாதிரியே கிடந்தது, விரலில் எடுத்துத் தேய்த்தால் ஒவ்வொரு குருணையும் நெருடியது. சரி, வெந்தால் கரைந்துவிடும் என்று ஓடிஜியில் (வீட்டு மின் அவன்) 180 டிகிரியில் வைத்தேன். 22 நிமிடத்தில் மேல்பாகம் நல்ல கரும்பழுப்பு. வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் குச்சி விட்டால் நடுவில் மாவு அப்படியே இருக்கிறது! திரும்ப உள்ளே வைத்து, மேலே அலுமினியத் தாள் மூடி, இன்னும் கால் மணி நேரம். ஓரம் காய்ந்து, நடு அமுங்கி, வெட்டிப் பார்த்தால் துண்டு முழுக்கக் கரையாத சர்க்கரையின் கரும்புள்ளிகள். மறுநாள் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை.

ஆனால் வாசம்! சின்ன வயதில் பெட்டிக்கடையில் வாங்கித் தின்ற கமர்கட் வாசம் அடுப்படி முழுக்க. சீனி போட்ட கேக்கில் வெனிலா ஊற்றினால்தான் மணம், இதில் ஒன்றுமே ஊற்றவில்லை. அந்த வாசத்துக்காகவே விடக்கூடாது என்று தோன்றியது.

இரண்டாவது டின்னுக்குச் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்தேன். பொடித்த கால் மணி நேரத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாக ஆகிவிட்டது. மூன்றாவது டின்னுக்குப் பொடிக்கும்போதே செய்முறையிலுள்ள மைதாவிலிருந்து ஒரு கரண்டியைச் சேர்த்து அரைத்தேன், கட்டவில்லை. இது நல்ல உபாயம், இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். அப்புறம், கப் அளவை நம்பவே கூடாது, பொடிக்கும் குருணைக்கும் ஒரு கப்பில் பிடிக்கிற எடை வேறு. தராசில் வைத்து அளந்தால்தான் அடுத்த வாரம் என்ன மாற்றினோம் என்று தெரியும். ஓடிஜியையும் 165 டிகிரிக்கு இறக்கி, 42 நிமிடம் விட்டேன். புள்ளி குறைந்தது, ஓரம் காய்வதும் குறைந்தது, ஆனாலும் உயரம் வரவில்லை. சீனி போட்ட கேக் டின்னின் விளிம்புக்கு வரும், இது ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு சனிக்கிழமை மாமா ஊருக்கே போய் அந்தக் காய்ச்சும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில் தென்னையில் நீரா இறக்க 2017-ல் அரசு அனுமதி அறிவித்த பிறகுதான் பொள்ளாச்சிப் பக்கம் இந்த வேலை வெளிப்படையாக நடக்க ஆரம்பித்தது. விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மெல்லத் தட்டிப் பக்குவம் செய்து, நுனியைத் தினமும் சீவிவிடுகிறார்கள், சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வெயில் ஏறினால் புளிக்க ஆரம்பித்துவிடும், புளித்தால் கள். பழைய வழக்கம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது. காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், சுண்ணாம்பு இல்லாமல் பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள்ளேயே சாறு இறங்குகிற மாதிரி ஒன்றை வடிவமைத்திருக்கிறது, அதில் இறக்கும் நீராவுக்குக் கல்பரசா என்று பெயர் வைத்தார்கள். நான் போன இடத்திலும் பெட்டிதான். ஒரு டம்ளர் கொடுத்தார்கள், குளுகுளுவென்று, தித்திப்பில் இளநீரெல்லாம் பக்கத்திலேயே நிற்க முடியாது.

அந்தச் சாறை அகலமான சட்டியில் மணிக்கணக்கில் கிண்டிக் கிண்டிக் காய்ச்சுகிறார்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏறக்குறைய 7 லிட்டர் நீரா போகிறது. பாகு இறுகிக் கடைசியில் உடைந்து குருணையாகும்போது சலித்து எடுக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தபோதுதான் என் கேக் ஏன் எழும்பவில்லை என்று புரிந்தது. சீனி என்பது கூர்மையான, ஒரே அளவான படிகம், வெண்ணெயை அடிக்கும்போது அது குத்திக் குத்திக் காற்றறைகளை உண்டாக்கும். இது அப்படி ஒழுங்கான படிகம் அல்ல, பாகு உடைந்து உருண்ட கட்டிகள், ஒன்று பெரிது ஒன்று சிறிது. வெண்ணெய்க்குள் காற்றை ஏற்றுகிற வேலையை இதனிடம் கேட்பதே தப்பு. நிறத்துக்கும் அங்கேயே பதில் கிடைத்தது: சாறிலுள்ள இனிப்பும் புரதத்தின் கூறுகளும் சூட்டில் சேர்ந்து சிவக்கின்றன, ரொட்டியின் மேலோடு சிவக்கிற அதே வினைதான். ஏற்கெனவே சட்டியில் பாதி சிவந்துவிட்ட பொருளை மறுபடியும் அடுப்பில் வைக்கிறோம், அதனால்தான் சீக்கிரம் கருக்கிறது. கடைகளில் விற்கும் பிரவுன் சுகர் இப்படியல்ல, அது பெரும்பாலும் வெள்ளைச் சீனியில் கரும்புப்பாகுக் கழிவைக் கலந்தது. நிறத்தைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

திரும்பி வந்து வழியை மாற்றினேன். அடிப்பதை விட்டுவிட்டுக் கரைப்பது.

நான்காவது டின், முட்டை ஸ்பாஞ்ச். 3 முட்டையையும் 90 கிராம் தென்னஞ்சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன், விரல் வைத்தால் வெதுவெதுப்பு, தேய்த்தால் நெருடல் இல்லை, அந்தப் பதத்தில் இறக்கி எட்டு நிமிடம் பீட்டரால் அடித்ததும் பால் டீ நிறத்தில் நுரைத்து மும்மடங்கு ஆனது. 90 கிராம் மைதாவைச் சலித்து மூன்று தவணையாக மடித்துச் சேர்த்தேன். எழும்பியது! சீனி ஸ்பாஞ்ச் அளவுக்கு இல்லை, ஆனால் அமுங்கவில்லை, ஒரு புள்ளி இல்லை. அன்றைக்கு எனக்கு ரொம்பவே சந்தோஷம்.

ஐந்தாவதுதான் இப்போது எங்கள் வீட்டுக் கேக் ஆகிவிட்டது. வாழைப்பழக் கேக். தோல் கறுத்த ரோபஸ்டா 3, கெட்டித் தயிர் 100 கிராம், எண்ணெய் 80 மில்லி, முட்டை 2, கோதுமை மாவு 160 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. தென்னஞ்சர்க்கரை 100 கிராம், அதை 60 மில்லி வெதுவெதுப்பான பாலில் போட்டு இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும், நடுநடுவே கலக்கினால் போதும், அடியில் ஒன்றும் தங்காது. 165 டிகிரி, 45 நிமிடம், நிறத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், நடுவில் குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். வெண்ணெய் கேக்கில் குறையாகத் தெரிந்த எல்லாமே இதில் நன்மையாகிவிட்டது: அடர்த்தி, நிறம், அந்தக் கமர்கட் மணம் மூன்றும் பழத்தோடு அப்படிப் பொருந்துகிறது. மூன்றாம் நாளும் மெத்தென்று இருந்தது. உப்பை மறக்க வேண்டாம். தென்னஞ்சர்க்கரை நாக்குக்குச் சீனியைவிடக் கொஞ்சம் மந்தமாகத்தான் இனிக்கும், இன்னும் 20 கிராம் போடலாமா என்று கை போகும், ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அந்தக் குறை தெரியாது.

ராகி பிஸ்கட்டும் நன்றாக வந்தது. மாவைப் பிசைந்த உடனே உருட்டி வைத்த தட்டில் பிஸ்கட் பரவவே இல்லை, உருட்டிய உருண்டை உருண்டையாகவே வெந்தது. மீதி மாவை ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் கையாலேயே அழுத்தித் தட்டையாக்கி வைத்தேன், சர்க்கரை உள்ளுக்குள் கரைந்து ஓரம் மொறுமொறு, நடு மெல்லுகிற பதம்.

கேரமல் புட்டிங் மட்டும் சுத்தமாகக் கைவிட்டது. சீனி உருகும்போது பொன்னிறம், தேன்நிறம், செம்பழுப்பு என்று கண்ணாலேயே பதம் பார்க்கலாம். இது ஆரம்பத்திலேயே செம்பழுப்பு, எப்போது கருகுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மூக்கை நம்பி இறக்கினேன், அரை நிமிடம் தாமதம் போலிருக்கிறது, புட்டிங் முழுக்கக் கசப்பு. இதற்குச் சீனிதான். முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் மெரிங்குக்கும் அப்படியே.

இப்போது அப்பா விஷயம், இதை நான் எழுதாமல் விட்டால் தப்பு. கடையில் பார்த்த ஒரு பாக்கெட்டில் கிளைசீமிக் குறியீடு (சாப்பிட்டது ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்கிற எண்) 35 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண் பிலிப்பைன்ஸின் உணவு, ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் சொன்னது. சிட்னி பல்கலைக்கழகம் பரிசோதித்தபோது வந்தது 54. சீனிக்கு 65 சுமார். அதாவது, எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறுகிறது. தென்னஞ்சர்க்கரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருப்பது சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கிற அதே பொருள், கலோரியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதற்காக யாரும் கேக் சாப்பிட வேண்டியதில்லை. அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டோம். "சீனி மாதிரியே கணக்கு வைங்க, பேரைப் பார்க்காதீங்க" என்றார். மாமாவிடம் போனில் சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், "அப்படியா அம்மணி, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றார். எல்லாரும் சொல்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை இருக்கிற எத்தனை பெரியவர்களுக்கு இப்படி நல்ல மனசோடு டப்பா டப்பாவாகப் போய்ச் சேர்கிறதோ.

அதனால் அப்பாவுக்கு இப்போது ஞாயிறு மத்தியானம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துவிட்டு, வாழைப்பழக் கேக்கில் இரண்டு விரல் அகலத்துண்டு ஒன்று. டாக்டர் ஒப்புக்கொண்ட அளவு. முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "கருப்பட்டியா போட்டே?" என்று கேட்டார். இல்லை, பனை வேறு தென்னை வேறு, கருப்பட்டியில் ஒரு புகை வாசம் தூக்கலாக இருக்கும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே தட்டிலிருந்த துகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

விலையையும் சொல்ல வேண்டும். மாமா கொடுத்தது தீர்ந்து நான் கடையில் வாங்கியது கால் கிலோ 120 ரூபாய். சீனியோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கு மேல். எல்லாக் கேக்குக்கும் இதைப் போட எனக்குக் கட்டுப்படியாகாது, அக்கா மகள் பிறந்தநாளுக்குச் செய்த சாக்லேட் கேக்கில் பாதி சீனி பாதி தென்னஞ்சர்க்கரை போட்டேன், சீனி வெண்ணெயோடு அடிபட்டு உயரம் கொடுத்தது, இது பாலில் கரைந்து மணம் கொடுத்தது. உயரம் வேண்டுகிற கேக்குக்கு இந்தப் பாதிக்குப் பாதி வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கோகோவின் வாசம் தென்னையை அமுக்கிவிடுகிறது, சாக்லேட்டில் இந்தக் காசு வீண். ஏலக்காய், வாழைப்பழம், ராகி, முந்திரி, இவற்றோடு சேர்த்தால்தான் கொடுத்த விலைக்குப் பலன் தெரிகிறது.

மழை ஆரம்பித்ததிலிருந்து டப்பாவுக்குள் சர்க்கரை பாறையாகிவிட்டது. உடைத்து மிக்ஸியில் போட்டால் சரியாகிறது, கெட்டுப்போவதில்லை. அடுத்த வாரம் மாமா வரும்போது குருணையாக உடைப்பதற்கு முன்னாலேயே இறக்கிய பாகாக ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பதால் பாலில் ஊறப்போடும் வேலையே இருக்காது, ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதைப் பாலில் கழிக்க வேண்டும். முதலில் 130 கிராம் பாகு, 30 மில்லி பால் என்று ஆரம்பிக்கிறேன். பழம் வாங்கிப் பழுக்கப் போட்டாயிற்று.