பெல்ட் வயிற்றில் ஏறக் கூடாது

மகளின் எடை 18 கிலோவைத் தாண்டியதும், ஐந்து முனை வார் கொண்ட அவளுடைய பழைய கார் சீட்டுக்கு விடை கொடுக்க வேண்டியதாயிற்று. இனி நம்மைப் போலவே பெல்ட் போட்டு உட்காரட்டும் என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணம். அப்படியே உட்காரவைத்துப் பார்த்தேன். தோள்வார் கழுத்தை உரசியது. இடுப்புவார் தொப்புளுக்கு மேல் கிடந்தது. சீட் விளிம்பில் முழங்கால் மடங்காததால் அவள் சறுக்கி முன்னே வந்தாள். வார் இன்னும் மேலே ஏறியது.

என் சகலை குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணர். படம் எடுத்து அனுப்பினேன், உடனே அழைத்தார். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முன்முனை நன்றாகப் புடைத்திருக்கும், பெல்ட்டை அதுதான் பிடித்து நிறுத்துகிறது. சின்னக் குழந்தைக்கு அந்தப் புடைப்பு சரியாக வளர்ந்திருக்காது என்றார். மோதும்போது வார் வழுக்கி வயிற்றுக்குள் அழுந்தும். குடல் கிழியலாம், உடம்பு அந்த வாரின் மேல் மடங்கி முதுகெலும்பு உடையலாம். “விபத்துக்குப் பிறகு வயிற்றில் பெல்ட் தடம் பட்டையாகக் கன்றியிருந்தால், பிள்ளை ஓடி விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுங்கள் சகலை. குடலில் ஓட்டை விழுந்தது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்” என்றார். அதன் பிறகு பெல்ட்டே போதும் என்ற பேச்சு வீட்டில் எழவில்லை.

வேண்டியது பூஸ்டர்: பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து, பெரியவர்களின் பெல்ட்டைச் சரியான இடத்தில் படியவைக்கும் இருக்கை. கடைக்காரர் முதுகுச் சாய்வு இல்லாத பலகை மாதிரியான ஒன்றைத்தான் முதலில் நீட்டினார், விலையும் குறைவு. ஐரோப்பிய விதிப்படி, புதிதாக அனுமதி பெறும் அந்த வகை 125 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான். சாய்வும் தலைக்காப்பும் உள்ளதாகப் பார்த்து, ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்பு விதி எண் அச்சிட்ட ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கினேன். தலையணை போட்டு உயர்த்துவதெல்லாம் வேலைக்கு ஆகாது. அது அமுங்கும், நழுவும்.

பூஸ்டருக்குத் தோள்வாரும் வேண்டும். பின்சீட்டின் நடுவில் எங்கள் காருக்கு இடுப்புவார் மட்டுமே என்பதால், இடப்பக்கம் வைத்தேன். இடுப்புவார் கைப்பிடிக்கு அடியில் நுழைந்து தொடையைத் தொட வேண்டும். தோள்வார் தலைக்காப்பின் கொக்கி வழியாக வந்து தோளின் நடுவில் விழ வேண்டும். மாட்டியபின் தோள்வாரை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுத்தால்தான் இடுப்புவார் இறுகுகிறது. அவள் தோள்வாரை அக்குளுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதைத் தடுக்க ஒரு வழிதான் கண்டேன்: வார் மறுபடி தோளுக்கு வரும்வரை வண்டி கிளம்பாது.

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. “நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், கண்ணு” என்பார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 50 கி.மீ. வேகத்தில் மோதி பத்தில் ஒரு நொடியில் வண்டி நின்றால், 20 கிலோ பிள்ளையைப் பிடிக்க ஏறத்தாழ 280 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். “போலீஸ் பிடிப்பானா?” என்று கேட்டார். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ தகுந்த இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். எங்களை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அம்மா மசிந்தது 280 கிலோவுக்குத்தான்.

கல்யாணத்துக்குப் போகும்போது புதுச் சிக்கல். பட்டுப்பாவாடையின் மடிப்புகள் குவிந்து வார் தொடையில் படியவில்லை. பட்டு வேறு வழுக்கும். மேலே ஒட்டியாணம்! வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் உலோகப் பட்டையை வைத்து யார் ஊர்வலம் போவது? மண்டப வாசலில் பூட்டிக்கொள்ளலாம் என்று கழற்றிப் பையில் போட்டேன். பாவாடையைப் பக்கவாட்டில் ஒதுக்கி வாரை அடியில் விட்டேன்.

வாடகைக் காருக்கும் பூஸ்டரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே பெல்ட் பூட்டும் பக்கிள் பெரும்பாலும் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதனால் வண்டி வருவதற்கு முன்பே ஓட்டுநரைக் கூப்பிட்டு, “அண்ணா, பின்சீட் பெல்ட்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்” என்று சொல்லிவிடுகிறேன்.