மூன்று எண்ணி முடிக்கும்வரை

ஊரில் எங்கள் வீட்டு நாய்க்குக் கயிறு கிடையாது. திண்ணையில் படுக்கும், தெருவைச் சுற்றும், பசித்தால் வந்து நிற்கும். கோலாலம்பூருக்கு வந்த இரண்டாம் வருடம் காப்பகத்திலிருந்து கருப்பனைக் கூட்டிவந்தபோதும் அதே நினைப்புதான் எனக்கு. அவனுக்காகவே அடுக்குமாடியை விட்டு கெப்போங்கில் ஒரு தரைவீட்டுக்கு மாறினோம். பழைய இடத்தில் நாய்க்கு அனுமதியில்லை. மாநகர மன்றத்தில் லைசென்ஸ் எடுத்தோம், தடுப்பூசிகளும் போட்டாயிற்று.

இங்கே பெரும்பாலான பூங்காக்களில் நாயை உள்ளே விடமாட்டார்கள். அதனால் மாலையில் தேசா பார்க்சிட்டிக்குப் போவோம். குளத்தைச் சுற்றி நடைபாதை, எந்நேரமும் ஆட்கள், எத்தனையோ நாய்கள். முதல் வாரமே கயிற்றை நீளமாக விட்டுவிட்டேன். கருப்பன் வாலை ஆட்டிக்கொண்டு ஓர் அக்காவின் நாயை நோக்கி ஓடினான். அந்த நாய் உறுமிப் பின்வாங்கியது. "ஒண்ணும் செய்யமாட்டான் அக்கா" என்றேன்.

"உங்க நாய் ஒண்ணும் செய்யாது தம்பி, சரி. என் மணி பயப்படுறாளே. குட்டியா இருக்கப்ப கடி வாங்கினவ. தூரத்துல நின்னு மொதல்ல என்னைக் கேளுங்க."

அன்று அவர் சொன்னதைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். இரண்டு நாய்களை நேருக்கு நேர் விடக்கூடாது, பக்கவாட்டில் வளைந்து வரவேண்டும். கயிறு தளர்ந்திருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் நாய்க்கும் பதற்றம் ஏறும். மூன்று எண்ணும்வரை மோந்து பார்க்கட்டும், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நகர்ந்துவிட வேண்டும். வால் ஆடுகிறது என்பதற்காக சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். உடம்பு விறைத்து, வாய் மூடி, வால் உயர்ந்து படபடவென்று ஆடினால் அது எச்சரிக்கை. சண்டையே மூண்டுவிட்டால் கழுத்துப் பக்கம் கையை விடவே கூடாது. பிரிக்கப்போனவர்தான் பெரும்பாலும் கடிபடுவார்.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு சுருங்குகிறது. எதிரே ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. கருப்பனின் ஈர மூக்கு அவர்கள் சிறுமியின் பாவாடையில் பட்டுவிட்டது. நான் பதறி மன்னிப்புக் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை, "தாக் ஆப்பா" (பரவாயில்லை) என்று மலாயில் சொல்லி மகளை அழைத்துப்போனார். இங்குள்ள முஸ்லிம்களின் நெறிப்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகை நேரத்தில் அந்த வேலையை நான் அவர்களுக்கு வைத்துவிட்டேன். அவர்களுக்கு நாய் மேல் வெறுப்பு என்று நம்மவர்கள் சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அது அவர்கள் வழிபாடு சார்ந்தது. கயிற்றைச் சுருக்கிப் புல்வெளிப் பக்கம் ஒதுங்க எனக்கு ஐந்து நொடிகூட ஆகாது.

வெயிலும் மழையும் தனிக்கதை. நடைபாதையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. அதனால் காலை எட்டுக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை, எலிக்காய்ச்சல் பயம். வெறிநோய் ஊசியையும் தள்ளிப்போடமாட்டேன். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸில் வெறிநோய் தலைகாட்டிய நாடு இது. அப்புறம், அவன் கழிவை அள்ளப் பையில் எப்போதும் இரண்டு கவர். ஒன்று கிழிந்தால் இன்னொன்று.

போன வாரம் மணியைப் பார்த்தோம். பத்தடி தள்ளி நின்று, "வரலாமா அக்கா?" என்றேன். அவர் மணியைப் பார்த்தார். மணி முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினாள். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றார். சரியென்று கருப்பனை அழைத்துக்கொண்டு குளத்தின் மறுபக்கமாக நடந்தேன்.