முஸ் மேசையில் ஸ்பானியம்

நவம்பர் 8, 2024, வெள்ளி

ஸ்பானிய மொழி வகுப்பில் கொடுத்த பொழுதுபோக்குச் சொற்களில் நீச்சல், சதுரங்கம், கால்பந்து எல்லாம் உண்டு. ஸ்பெயினின் இந்த விட்டோரியா நகரத்து பார்களில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பெரியவர்கள் ஆடும் முஸ் என்ற சீட்டாட்டம் மட்டும் இல்லை. எனக்கு வேண்டியதே அதுதான். மாலையில் ஃபூர்னியர் சீட்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஸ்பானிய சீட்டில் ராணி கிடையாது. சோத்தா (நம் ஜாக் மாதிரி), குதிரைவீரன், ராஜா. தங்கக்காசு, கோப்பை, வாள், தடி என்று நான்கு இனங்கள். முஸ்ஸுக்கு 8, 9 இல்லாத 40 சீட்டுகள்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆளுக்கு 4 சீட்டு, இரண்டிரண்டு பேராகக் கூட்டு. பெரிய சீட்டுக்கு ஒரு பந்தயம், சின்னதுக்கு ஒன்று, ஜோடிக்கு ஒன்று. கடைசியில் ஹுவேகோ: கூட்டினால் 31 வந்தால் அதுதான் உச்சம். மூன்றாம் எண் சீட்டு ராஜாவாகவும், இரண்டாம் எண் சீட்டு ஏஸாகவும் நடக்கும். சமமானால் முதலில் பேசும் 'மானோ'வுக்கே வெற்றி.

நவம்பர் 16, சனி

இன்று முழுக்க சைகைகள்தான். கூட்டாளிக்கு முகத்தாலேயே சேதி சொல்வதை ஆட்டமே அனுமதிக்கிறது! கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஏஸ். கண்ணடித்தால் 31. கண்ணை மூடினால் கையில் ஒன்றுமில்லை. எதிராளி பார்க்காத நொடியில் செய்ய வேண்டும். பொய்ச் சைகை மட்டும் கூடவே கூடாது. இவ்வளவு தந்திரத்துக்கு நடுவில் இப்படியொரு நேர்மை இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் கூட்டாளி எழுபது தாண்டியவர். அவர் உதட்டைக் கடிப்பதை மேசையில் எவரும் பிடித்ததில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பந்தயம் வைக்க 'என்விதோ', ஏற்க 'கியெரோ', விட்டுவிட 'பாசோ'. எல்லாவற்றையும் ஒரே கையில் பணயம் வைக்க 'ஓர்தாகோ'. 'அதோ இருக்கிறது' என்ற பாஸ்க் மொழித் தொடரிலிருந்து வந்தது. ஒரு கட்சி மற்றதுக்குக் கெடு வைத்தால் பத்திரிகைகளும் இதையே எழுதுகின்றன.

இன்று ஹுவேகோவில் எதிராளி ஓர்தாகோ போட்டார். நான் மானோ. கையில் இரண்டு ராஜா, ஒரு சோத்தா, ஒரு ஏஸ்: 10+10+10+1, ஆக 31. கூட்டாளியைப் பார்க்கவே தேவைப்படவில்லை, 'கியெரோ' என்றேன். எதிராளியிடமும் 31தான். ஆட்டம் எங்களுக்கு.