தாத்தாவின் வெட்டுக்கத்தியும் பாதி முதலையும்

பழைய கத்தி கையில் கிடைத்தால், சாணைக்குக் கொடுப்பதற்கு முன்னால் முத்திரையைப் படித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டது இன்னும் மனசை அறுக்கிறது.

எங்கள் மச்சில் கிடந்த வெட்டுக்கத்தி அது. நம் ஊர் அரிவாள் மாதிரி மூக்கு வளையாது. நீளமாக, தகடுபோல மெல்லிசாக இருக்கும். தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது என்று ஆச்சி சொல்லுவாள். இல்லை, சண்டைக் காலத்துப் பட்டாளக் கத்தி என்பது சித்தப்பா கட்சி. பிடிக்குப் பக்கத்தில் துருவுக்கு அடியில் ஏதோ அச்சு தெரிந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கத்தியையே சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனது முதல் தப்பு. திருநெல்வேலிப் பக்கம் சாக்குக்கு வெளியே கத்தி முனை தெரிந்தால் கேட்கவா வேண்டும்? போலீஸ்காரர் பிடித்துவைத்து, சித்தப்பா வந்து சொன்ன பிறகுதான் விட்டார். ஒரு நாள் வீண்.

அடுத்தது சாணைக்கடை. “துருவை மட்டும் எடுத்துத் தாரேன்” என்றவர் நேராகக் கிரைண்டரில் வைத்துவிட்டார். நான் கூச்சல் போட்டு நிறுத்துவதற்குள் அச்சில் பாதி போய்விட்டது.

மீதியை வீட்டில்தான் படித்தேன். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய துணியால் துடைத்தேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். அப்புறம் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்; சின்ன வயதில் காசுக்குச் செய்வோமே, அதே வேலை. வெளியே காட்ட அந்தத் தாள் போதும், கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

பட்டறை அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, “இது உடும்புல்லா தம்பி” என்றார். வால், பின்னங்கால், பக்கத்தில் ‘டேல்’ என்று முடியும் ஆங்கில எழுத்து. தேடிப் பார்த்தால் உடும்பு இல்லை, முதலை! இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1874இல் தொடங்கிய ரால்ப் மார்ட்டின்டேல் கம்பெனியின் முத்திரை. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. (உங்கள் கத்தியில் கிரீடமும் சுத்தியல் பிடித்த கையும் ‘லெஜிட்டிமஸ்’ என்ற சொல்லும் இருந்தால் அது அமெரிக்காவின் காலின்ஸ் கம்பெனிக் கத்தி.)

ஆனால் பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் போன கத்திகளில் அம்புக்குறியும் வருஷமும் அடிப்பது வழக்கம். அது இருந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டிய இடத்தைத்தான் கிரைண்டர் தின்றுவிட்டது. ஆச்சி சொன்னதுதான் சரி என்று சித்தப்பாவிடம் காட்ட இனி வழியில்லை.